சட்டையைப் பழசாக்குகிறவள்

என் மனைவிக்குச் சம்பளம் கொடுப்பதே புதுச் சட்டையைக் கெடுப்பதற்குத்தான். சொன்னால் சிரிப்பார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும், எனக்கென்ன? அந்த வேலையில் அவளை மிஞ்ச ஆள் கிடையாது என்று எங்கள் ஸ்டுடியோவில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். அங்கே அவளுக்குப் பெயரே பழசக்கா. நானும் அங்கேதான் லைட்மேனாக இருக்கிறேன். பத்து கிலோ விளக்கை ஒற்றைக் கையில் தூக்கிக்கொண்டு ஏணி ஏறுகிறவன். ஆனாலும் என்னைப் 'பழசக்கா புருஷன்' என்றுதான் சொல்கிறார்கள்.

'இன்னொரு கட்டில்' என்று ஒரு தொடர் எங்கள் ஸ்டுடியோவில் எடுக்கிறார்கள். குழந்தைகள் இல்லத்தில் வளரும் பிள்ளைகளின் கதை. முதலில் புத்தகமாக வந்தது, பிறகு தொலைக்காட்சிக்கு வந்தது, நடுவில் இரண்டு சினிமாவும் வந்துபோனது. இருபத்திரண்டு வருஷமாக ஓடிக்கொண்டே இருக்கிறது. கதாநாயகி பெயர் வாலு, பத்து வயது. நடிக்கிற பெண்ணுக்கு உயரம் கூடிவிட்டால் ஆளை மாற்றிவிடுவார்கள். இதுவரை ஆறு வாலுகளுக்கு நான் விளக்குப் பிடித்திருக்கிறேன். ஆள்தான் மாறுவாளே தவிர, வாலு போட்டிருக்கும் பச்சைச் சட்டை மாறவே மாறாது. மூன்று பிள்ளைகள் போட்டுக் கழித்து நாலாவதாக அவளிடம் வந்த சட்டை அது. அந்த மூன்று பிள்ளைகளும் சேர்ந்து எட்டு வருஷத்தில் செய்திருக்கக்கூடிய வேலையை என் மனைவி நாலு நாளில் செய்வாள்.

முதலில் கடையிலிருந்து வந்த மொடமொடப்பான சட்டையைச் சோடா உப்புப் போட்டுக் கொதிக்கவைப்பாள். முழங்கையிலும் கழுத்துப்பட்டையிலும் உப்புத்தாளால் தேய்ப்பாள். ஈரமாக இருக்கும்போதே பைகளில் கூழாங்கல்லைப் போட்டுத் தொங்கவிடுவாள், பிள்ளைகள் கையை விட்டு விட்டுத் தொங்கிப்போன பை மாதிரி ஆகிவிடும். தேயிலைத் தண்ணீரில் ஒரு முக்கு. ஒரு பொத்தானைப் பிடுங்கிவிட்டு வேறு நிறத்தில் ஒன்று. கடைசியாகக் கழுத்துப்பட்டையின் உள்பக்கம் தடித்த ஊசியால் வரிசையாக ஓட்டை போடுவாள். அந்த ஓட்டை எதற்கு என்று ஸ்டுடியோவில் ஒருவருக்கும் தெரியாது. கேமராவில் விழாத இடம். நேரத்தை வீணாக்குகிறாள் என்று தயாரிப்பு மேலாளர் முணுமுணுப்பார். அவள் காதில் போட்டுக்கொள்ள மாட்டாள்.

எனக்கு மட்டும் தெரியும். அவளும் அப்படி ஓர் இல்லத்தில்தான் வளர்ந்தாள், மூன்று வயதிலிருந்து பதினேழு வரைக்கும். கல்யாணத்துக்கு முன்னாலேயே என்னிடம் சொல்லிவிட்டாள். 'யாருக்கும் சொல்லக் கூடாது' என்று சத்தியமும் வாங்கிக்கொண்டாள்.

"ஏன், என்ன தப்பு பண்ணின? அந்தத் தொடர்லதானே வேலை செய்யற, பெருமையா சொல்லலாமே?" என்று ஒருமுறை கேட்டேன்.

"சொன்னா போச்சு. எழுதறவங்க அத்தனை பேரும் என்னைக் கூப்பிட்டு உக்காரவச்சு, அப்ப எப்படி வலிச்சுது, இப்ப எப்படி வலிக்குதுன்னு கேப்பாங்க. எனக்குத் துணி வேலை இருக்கு" என்றாள். நியாயம்தானே. அதோடு வாயை மூடிக்கொண்டேன்.

எங்களுக்குப் பிள்ளை இல்லை. அதற்காக அழுத காலமும் உண்டு, ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக ஏறி இறங்கிய காலமும் உண்டு. அப்புறம் பழகிவிட்டது. நான் தோட்டத்துச் செடிகளோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தேன், அவள் சட்டைகளோடு.

போன வருஷம் ஒரு நாள், தொடருக்கு எழுதுகிறவர்கள் நகரத்தின் அந்தப் பக்கம் இருக்கும் ஓர் இல்லத்துக்குப் போனார்கள். பிள்ளைகளோடு பேசிப்பார்க்கப் போவது வருஷா வருஷம் நடப்பதுதான். இந்த முறை பிள்ளைகள் தொட்டுப் பார்ப்பதற்காக வாலுவின் சட்டையையும் கொண்டுபோகச் சொன்னதால் இவளும் போனாள். பெட்டி தூக்க நான்.

பிள்ளைகள் சட்டையைப் பிய்த்து எடுக்காத குறை. ஒன்பது வயதுப் பெண் ஒருத்தி மட்டும் தள்ளி நின்று, தன் முறை வந்ததும் வாங்கி, பொத்தானை இழுத்துப் பார்த்தாள், பைக்குள் கையை விட்டாள், கடைசியில் கழுத்துப்பட்டையைத் திருப்பினாள். அந்த ஓட்டைகளை விரலால் தடவினாள். பிறகு நேராக என் மனைவியைப் பார்த்தாள்.

"நீங்களும் உள்ள இருந்தீங்களா?"

எனக்குப் பக்கென்றது. விஷயம் இதுதான்: இல்லத்தில் ஒவ்வொரு பிள்ளையின் சட்டையிலும் கழுத்துக்குள்ளே நம்பர் தைத்திருப்பார்கள். சட்டை அடுத்த பிள்ளைக்குப் போகும்போது பழைய நம்பரைப் பிரித்துவிட்டுப் புதிய நம்பரைத் தைப்பார்கள். பிரிக்கப் பிரிக்க ஓட்டை கூடும். அது உள்ளே இருந்தவர்களுக்குத்தான் தெரியும். இருபத்திரண்டு வருஷமாக யார் கண்ணிலும் படாத ஓட்டையை இந்தப் பொடிசு ஒரு நிமிஷத்தில் படித்துவிட்டது.

என் மனைவி குனிந்து, "ஆமா. யார்கிட்டயும் சொல்லாத" என்றாள்.

"சொல்ல மாட்டேன். ஆனா நடு வரிசை ஓட்டை ரொம்ப நேரா இருக்கு. பிரிக்கறப்போ நூல் மாட்டிக்கிட்டு இழுக்கும்ல, கோணலாத்தான் வரும்" என்றாள் அந்தப் பெண்.

அன்றைக்கே நான் அவளுக்குக் கறார் என்று பெயர் வைத்துவிட்டேன். என் மனைவியோ வண்டியில் திரும்பும்போது அந்த நடு வரிசை ஓட்டையையே தடவிக்கொண்டு வந்தாள். வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போது சொன்னாள்: "என்னங்க, அந்தப் பொண்ணை நாம வளக்கலாமா?"

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. எனக்கு வயது நாற்பத்தொன்பது, முட்டி வலி வேறு. பத்துக் காரணம் சொன்னேன். பத்தையும் பொறுமையாகக் கேட்டுக்கொண்டு, "சரி, எப்ப மனு போடலாம்?" என்றாள். மனுவும் போட்டாயிற்று. அப்புறம் ஞாயிற்றுக்கிழமை தோறும் போய்ப் பார்த்தோம். கறார் எங்களை ஓரக்கண்ணால் எடைபோட்டபடியே பேசுவாள். மூன்றாவது வாரம் விதிமுறைகளைச் சொன்னாள்: "நான் அம்மான்னு கூப்பிட மாட்டேன்."

"வேணாம்."

"அத்தைன்னு வேணா கூப்பிடறேன்."

"கூப்பிடு."

"அப்ப இவர் மாமாவா?" என்று என்னைப் பார்த்தாள். அவ்வளவு ஒன்றும் திருப்தியாகப் பார்க்கவில்லை. ஆனால் ஐந்தாவது வாரம் எனக்காக ஒரு பென்சிலைச் சீவி வைத்திருந்தாள். அதற்கப்புறம் என் முட்டி வலியைப் பற்றி நான் பேசவே இல்லை. வந்தால் அந்தப் பெண்தான் எங்கள் வீட்டுக்கு வர வேண்டும், அவ்வளவுதான்.

குழந்தைகள் நல அலுவலகத்திலிருந்து அதிகாரியம்மா வீட்டைப் பார்க்கக் கடைசியாக வருகிற நாள். நான் நாலு நாள் வெளியூர்ப் படப்பிடிப்புக்குப் போய்விட்டு அன்று காலையில்தான் வந்து இறங்கினேன். அறைக்கு வெள்ளையடித்திருந்தது, கட்டில், மேசை, ஜன்னலுக்குத் திரை எல்லாம் தயார். போன வாரம் நாங்கள் இரண்டு பேரும் போய்க் கடை கடையாக அலைந்து பிள்ளைக்கு ஆறு சட்டை வாங்கியிருந்தோம். மஞ்சள் ஒன்று, கோடு போட்டது ஒன்று, பறவைகள் போட்டது ஒன்று. நான்தான் பறவை வேண்டும் என்று அடம்பிடித்தேன்.

அதிகாரியம்மா நல்ல மாதிரி. அதிகம் சிரிக்காதவர், ஆனால் முகம் சுளிக்காதவர். எல்லாவற்றையும் பார்த்தார், குளியலறைக் கதவின் தாழ்ப்பாளைக்கூடப் போட்டுப் பார்த்தார். கடைசியாகத் துணி அலமாரியைத் திறந்தார்.

உள்ளே ஆறு கந்தல் தொங்கியது. மஞ்சள் வெளுத்து, கோடு மங்கி, முழங்கையெல்லாம் தேய்ந்து. என் பறவைகளில் பாதி பறந்தே போய்விட்டன.

"இதெல்லாம் யாரோட பிள்ளைங்க போட்டது?" என்று கேட்டார் அதிகாரியம்மா.

என் மனைவி ஜன்னல் திரையைச் சரிசெய்யப் போய்விட்டாள். எனக்குத்தான் பொறுக்கவில்லை. "புதுசுங்க! சத்தியமா புதுசு! போன வாரம்தான் வாங்கினோம். இவதான் கெடுத்து வச்சிருக்கா!" என்று உளறிக் கொட்டிவிட்டேன். சொன்ன பிறகுதான் உறைத்தது. வளர்க்கப்போகும் பிள்ளையின் புதுச் சட்டைகளை வேண்டுமென்றே கெடுத்தவள். இதை எந்த அதிகாரி கேட்டால் என்ன நினைப்பார்?

"வேணும்னே கெடுத்தாங்களா?" என்றார் அவர். அப்புறம் இவளைப் பார்த்து, "ஏம்மா?" என்றார்.

அப்போதும் அவள் வாயைத் திறக்கவில்லை. அதிகாரியம்மா கோப்பில் நாலு வரி எழுதினார். குழு கூடிப் பேச வேண்டும், அடுத்த வாரம் நேரில் வர வேண்டியிருக்கும், அதுவரை பிள்ளையைப் போய்ப் பார்க்க வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

கதவைச் சாத்தியதும் நான் வெடித்தேன். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அப்படிக் கத்தியதில்லை. "உனக்கு என்ன புத்தி பேதலிச்சுப் போச்சா? ஸ்டுடியோ வேலையை வீட்டுக்கு எதுக்குடி கொண்டுவந்த? கேட்டாங்கல்ல, வாயைத் திறந்து ஒரு பதில் சொல்லக் கூடாதா?"

அவள் கட்டில் விளிம்பில் உட்கார்ந்தாள். மடியில் அந்தப் பறவைச் சட்டை.

"எங்க இல்லத்துக்குப் பெரிய மனுஷங்க பாக்க வர்ற அன்னிக்கு எல்லாருக்கும் புதுச் சட்டை குடுப்பாங்க. போட்டோ எடுப்பாங்க. அவங்க வண்டி தெருமுனை தாண்டினதும் சட்டையைக் கழட்டச் சொல்லி வாங்கி மடிச்சு பெட்டியில வச்சுருவாங்க. பதினாலு வருஷம். புதுச் சட்டை போட்டாலே எனக்குப் பயம் வந்துரும், எப்பக் கழட்டச் சொல்லுவாங்களோன்னு. பழசை மட்டும்தான் யாரும் திருப்பிக் கேக்க மாட்டாங்க. வந்து முதல் நாள் அவ நிம்மதியா தூங்கட்டுமேன்னு பண்ணேன்."

இதை அவள் என்னிடம் சொன்னதே இல்லை. கல்யாணத்துக்கு நான் எடுத்துக்கொடுத்த புதுத் துணியை மறுநாளே அவள் துவைத்துப் போட்டது ஞாபகம் வந்தது. அன்றைக்கு நான் கோபித்துக்கொண்டேன், மடையன்.

"சரி, இதையே அந்தம்மாகிட்ட சொல்லியிருக்கலாமே?"

"எப்படிச் சொல்றது? மனுவுல எங்க வளர்ந்தீங்கன்னு கேட்டிருந்தாங்க. சித்தி வீட்லன்னு எழுதியிருக்கேன்."

"எந்தச் சித்தி? உனக்கு ஏதுடி சித்தி?"

"இல்லத்துல வளர்ந்தவளுக்கு வீடுன்னா என்னன்னு எப்படித் தெரியும்னு கேட்டுருவாங்களோன்னு பயந்துட்டேங்க."

எனக்குத் தலையில் கை வைப்பதைத் தவிர வேறொன்றும் தோன்றவில்லை. சட்டைக்குக் காரணம் சொன்னால் பொய் வெளியே வரும். சொல்லாவிட்டால் பைத்தியக்காரி என்று பெயர். இரண்டில் எது நடந்தாலும் பிள்ளை வரமாட்டாள். எட்டு நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. விளக்கை மாற்றி மாட்டி, இயக்குநரிடம் திட்டு வாங்கினேன். இவள் என்னவென்றால் வழக்கம்போல வேலைக்குப் போனாள், வந்தாள். நான் பொரிந்து தள்ளும்போதெல்லாம், "பாத்துக்கலாம், சும்மா இருங்க" என்றாள்.

குழு கூடும் நாள் வந்தது. நீள மேசை, அந்தப் பக்கம் மூன்று பேர், ஓரத்தில் அதிகாரியம்மா. நடுவில் இருந்தவர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு கோப்பைத் திறப்பதற்குள் இவள் எழுந்து நின்றுவிட்டாள்.

"ஐயா, முதல்ல ஒண்ணு சொல்லிடறேன். மனுவுல பொய் எழுதியிருக்கேன். எனக்குச் சித்தி யாரும் கிடையாது. நான் இல்லத்துல வளர்ந்தவ."

அப்புறம் எல்லாவற்றையும் சொன்னாள். புதுச் சட்டை, போட்டோ, பெட்டி, தெருமுனை தாண்டும் வண்டி. குரல் ஒரே இடத்தில்தான் உடைந்தது. நான் ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவளைப் பார்த்திருந்தால் அங்கேயே அழுது மானத்தை வாங்கியிருப்பேன்.

பிறகு அதிகாரியம்மாதான் பேசினார்.

"நீங்க சொல்றது புரியுதும்மா. ஆனா புதுச் சட்டைன்னா பயம் உங்களுக்குத்தானே? அவளுக்கு என்ன பயம்னு அவளைக் கேட்டீங்களா?"

என் மனைவி விழித்தாள். "கேக்கலை."

"நான் கேட்டேன். இந்த வாரம் போயிருந்தப்போ, புது வீட்டுக்குப் போனா எந்த மாதிரி சட்டை வேணும்னு கேட்டேன். என்ன சொன்னா தெரியுமா? 'கவர் பிரிக்காத சட்டை. குண்டூசியெல்லாம் நானே எடுக்கணும். எனக்கு முன்னாடி யாரும் தொட்டிருக்கக் கூடாது'ன்னா."

என் மனைவி வாயைப் பொத்திக்கொண்டாள். சிரிக்கிறாளா அழுகிறாளா என்று தெரியவில்லை. "ஐயோ, ஆறு சட்டையையும் நாசம் பண்ணிட்டேனே" என்றாள். மூக்குக்கண்ணாடிக்காரர் முதல் முறையாகச் சிரித்தார். இழுப்பறையிலிருந்து ஒரு புதுப் படிவத்தை எடுத்து மேசைமேல் தள்ளினார்.

"இதுல சரியா எழுதிக் குடுங்க. பொய் எழுதினது தப்புதான், நாங்களும் அதைக் குறிச்சுக்கறோம். ஆனா உள்ள வளர்ந்தவங்க வேணாம்னு இங்க எந்தச் சட்டமும் இல்லம்மா. முதல்ல மூணு மாசம் பிள்ளை உங்க வீட்ல இருக்கட்டும். அது முடிஞ்சதும் அவளைக் கேப்போம். அவ இருக்கேன்னா இருக்கலாம். திரும்பிப் போறேன்னா நீங்க அனுப்பிடணும்."

வயிற்றில் பாலை வார்த்தார் மனிதர். நான் எழுந்து அவர் கையைப் பிடித்துக் குலுக்கினேன், அடுத்தவர் கையைக் குலுக்கினேன், தண்ணீர் வைக்க வந்தவர் கையையும் குலுக்கினேன். இவள் என்னைச் சட்டையைப் பிடித்து இழுத்து உட்காரவைத்துவிட்டுப் படிவத்தை எழுத ஆரம்பித்தாள்.

கறார் வந்தாள். கவர் பிரிக்காத ஆறு சட்டைகள் மேசைமேல் இருந்தன. ஒவ்வொன்றாகப் பிரித்து, குண்டூசிகளைக் கணக்காக ஒரு டப்பாவில் போட்டு, மொடமொடவென்று ஒன்றை மாட்டிக்கொண்டு வந்து நின்றாள். இவள் கை பரபரத்ததை நான் பார்த்தேன். ஒரு முறையாவது துவைத்துவிட வேண்டும் என்று. கையைக் கட்டிக்கொண்டாள் பாவம்.

கதை இங்கேயே முடிந்தது என்று நினைத்தால் நீங்கள் ஏமாந்தீர்கள். நானும்தான் ஏமாந்தேன். பிள்ளை ரொம்ப ரொம்ப நல்ல பிள்ளையாக இருந்தாள். சொல்வதற்கு முன்னால் தட்டைக் கழுவினாள். படுக்கையைச் சுருக்கமில்லாமல் விரித்தாள். சட்டையில் ஒரு சொட்டுத் தண்ணீர்கூடப் படாமல் சாப்பிட்டாள். எதைக் கொடுத்தாலும் 'தேங்க்ஸ் அத்தை', 'தேங்க்ஸ் மாமா'. என்னிடம் ஒரு குறைகூடச் சொல்லவில்லை. எங்கே போனாள் என் கறார் என்று தேடினேன். "இப்படி ஒரு பிள்ளை யாருக்குக் கிடைக்கும்?" என்று இவளிடம் பெருமையாகச் சொன்னேன்.

அவள் முகம் இருண்டது. "பாக்க வந்தவங்க முன்னாடி நாங்களும் இப்படித்தான் இருப்போம். திரும்பிப் போகப்போறவங்கதாங்க இவ்வளவு நல்லா இருப்பாங்க."

அதைக் கேட்டபிறகு எனக்கும் ஒவ்வொரு 'தேங்க்ஸு'ம் முள்ளாகக் குத்தியது. ஒரு மாதம் போனது, இரண்டு மாதம் போனது. கேட்க வரும் நாள் நெருங்க நெருங்க இவள் இளைத்துக்கொண்டே வந்தாள். 'இங்கேயே இருப்பியா' என்று பிள்ளையிடம் கேட்கவும் பயம். கேட்டால் நல்ல பிள்ளையாக, நாங்கள் விரும்புகிற பதிலைச் சொல்லிவிடுவாள், அதை எப்படி நம்புவது?

பதினோராவது வாரம், ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம். நான் அடுப்படியில் முட்டை பொரித்துக்கொண்டிருந்தேன். மெத்தை உறை மாற்றப் போன இவள், மெத்தைக்கடியிலிருந்து எதையோ உருவி எடுத்தாள். பறவைச் சட்டை. ஆமாம், நான் மறுபடியும் பறவைதான் வாங்கியிருந்தேன். முன்பக்கம் முழுக்கச் சைக்கிள் சங்கிலியின் கறுப்பு மசகு.

"ஏய், இங்க வா" என்று கூப்பிட்டாள். பிள்ளை போனாள். எனக்குக் கரண்டி கையில் நின்றுவிட்டது.

"என்ன இது?"

பிள்ளை கதவருகிலேயே நின்றுவிட்டாள்.

"கறை பட்டா படட்டும். அதை ஏன் ஒளிச்சு வச்ச? அன்னிக்கே சொல்லியிருந்தா பாதியாவது போயிருக்கும். இப்பப் பாரு, ஊறிப்போச்சு. இப்படித் திருட்டுத்தனமா ஒளிச்சு வைக்கற வேலை இந்த வீட்ல இருக்கக் கூடாது, சொல்லிட்டேன்!"

போச்சுடா என்று நினைத்தேன். அடுத்த வாரம் கேட்க வருகிறார்கள், இந்த நேரம் பார்த்தா இவள் கத்த வேண்டும்? பிறகு வெடித்தது பாருங்கள் ஒரு குரல்.

"என் சட்டை! நான் எங்க வேணா ஒளிச்சு வைப்பேன்! நீங்க யாரு என் மெத்தையைத் தூக்கிப் பாக்க? கேட்டுட்டுத் தூக்கணும்! எப்பப் பாத்தாலும் துவை துவை துவை! போங்க!"

அதோடு இன்னும் ஏதோ கத்தல். கதவு படாரென்று அறைந்து சாத்திய சத்தத்தில் சுவரில் மாட்டியிருந்த காலண்டர் கீழே விழுந்தது.

இவள் அடுப்படிக்கு வந்தாள். கையில் அந்தச் சட்டை. கண்ணெல்லாம் தண்ணீர். கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை எனக்கு. "சரி விடு, சின்னப் பொண்ணு, கோவத்துல ஏதோ சொல்லிட்டா" என்று ஆரம்பித்தேன்.

"உங்க மருமக என்கூட டூ விட்டுட்டாங்க" என்றாள்.

"விட்டா விடட்டும், சாயந்தரம் பழம் விட்டுருவா. இதுக்குப் போய் அழுவாங்களா?"

"சாயந்தரம் இல்லைங்க." அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். அப்போதுதான் கவனித்தேன், அவள் முகம் முழுக்கச் சிரிப்பு. "ஒரு வருஷமாம்! ஒரு வருஷத்துக்கு இந்த வீட்ல என்கூடப் பேசவே மாட்டாளாம்!"